கட்டடக் கலைஞரின் தாள்கள் எங்கே இருக்க வேண்டும்: வீடு, அயல்நாடு, உள்ளூர்ப் பல்கலைக்கழகம்

கடந்த ஆண்டு மதுரையில், மறைந்த கட்டடக் கலைஞர் ஒருவரின் வீட்டு மாடியறையில் மூன்று வாரம் உட்கார்ந்து, அவருடைய தாள்களைப் பட்டியலிடும் வேலையில் குடும்பத்தாருக்கு உதவினேன். நாற்பதாண்டுத் தொழில் அந்த ஓர் அறைக்குள் அடங்கியிருந்தது: தகரக் குழாய்களில் சுருட்டிவைத்த டிரேசிங் தாள்கள், நீலம் மங்கிய புளூபிரிண்டுகள், அம்மோனியா பிரிண்டுகள், மாநகராட்சி அனுமதிக் கோப்புகள், கட்டடம் கட்டச் சொன்னவர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, மனைவிக்கு எழுதிய கடிதங்கள், மழையில் நனைந்து உப்பிய மர மாடல் ஒன்று. ஒரு டிரேசிங் தாளை விரித்தபோது அதன் ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. அதில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிப்படி வரையப்பட்டிருந்தது. படியின் உயரம் ஆறரை அங்குலம் என்றிருந்ததை அடித்து ஐந்தரை என்று திருத்தி, பக்கத்தில் பென்சிலால் "சின்னப் பிள்ளைகள்" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பள்ளியில் இன்றும் படி ஐந்தரை அங்குலம்தான். ஏன் அப்படி என்பதற்குச் சான்று அந்த மாடியறையைத் தவிர வேறெங்கும் கிடையாது.

அந்தக் குடும்பத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. வீட்டையே ஒரு சிறு அறக்கட்டளையாக்கித் தாள்களை அங்கேயே வைத்துக்கொள்வது, ஆர்வம் காட்டிய அயல்நாட்டு ஆவணக்காப்பகம் ஒன்றுக்குக் கொடுப்பது, ஊரிலேயே உள்ள கல்வி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பது. மூன்றையும் சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அதனாலேயே முடிவெடுப்பது கடினமாயிற்று. அவர்களுக்காக நான் திரட்டிக் கொடுத்த முன்னுதாரணங்களையும் அவற்றிலிருந்து எனக்குப் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். விடுதலைக்குப் பின் தொழில் தொடங்கிய தலைமுறையின் வீடுகளில் இதே கேள்வி இப்போது எழுந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு, அது எதையும் முடிவு செய்யாமல் விட்டுவிடுவது. கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா (1918–1998) 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். சண்டிகரைத் திட்டமிட்ட பாரிஸ் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். கண்டியில் ஒரு குடியிருப்புத் திட்டத்தை, அங்கே குடிவரப் போகிறவர்களிடமே அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்து வடிவமைத்தவர். இத்தனை பெருமைக்கும் உரியவரின் ஆவணங்கள் அவருக்குப் பின் ஒரு தொகுப்பாக நிலைக்கவில்லை; அவர் வாழ்ந்து தொழில் செய்த கண்டி வீடும் பாழடைந்தது. இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிதும் நம்பியிருப்பது, கடிதங்களையும் புகைப்படங்களையும் செய்தித்தாள் நறுக்குகளையும் அவரே சேர்த்துத் தொகுத்து, அவர் இறந்த ஆண்டில் வெளிவந்த ஒரு தன்வரலாற்று நூலைத்தான். தன் வாழ்வின் சான்றுகளைத் தானே அச்சேற்றிக் காப்பாற்ற வேண்டிய நிலை ஒரு முன்னோடிக்கு வந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மினெட்டைவிட ஓராண்டு இளையவரும் அதே தீவில் தொழில் செய்தவருமான ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) தாள்களுக்கு வேறு கதி கிடைத்தது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் உள்ள 11ஆம் இலக்க வீடும், பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்காத் தோட்டமும், அலுவலக வரைபடங்களும் அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைகளின் பொறுப்பில் இருக்கின்றன. அந்த ஆவணங்களைக் கொண்டு 2022இல் கொழும்பில் நடந்த கண்காட்சி அடுத்த ஆண்டு புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கும் வந்தது. பாவா 1970களில் மதுரையில் ஒரு கிளப் கட்டடமும் கட்டியவர் என்பதால், எங்கள் மாடியறையில் அவர் பெயர் அடிக்கடி அடிபட்டது. "அவர் வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடிகிறதென்றால் நம் வீட்டில் ஏன் முடியாது?" என்று மூத்த மகள் கேட்டார்.

கேள்வி நியாயமானது. வீட்டிலேயே வைப்பதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. தாளும், அதை வரைந்த மேசையும், அந்த மேசைக்கு வெளிச்சம் தந்த ஜன்னலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வாசிக்க வருகிறவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நடந்துபோய் அதன் விளைவையும் பார்க்கலாம். லுனுகங்காவின் வரைபடத்தை லுனுகங்காவிலேயே பார்ப்பதற்கு ஈடான படிப்பு வேறு எந்தக் குளிரூட்டிய அறையிலும் கிடைக்காது. ஆனால் பாவாவின் வீடும் தோட்டமும் கட்டணம் கொடுத்துப் பார்க்கவும் தங்கவும் உலகெங்குமிருந்து ஆள் வரும் இடங்கள். லெ கொர்பூசியேயின் கதையும் இதைப் போன்றதே. அவர் வாழும்போதே ஒரு துண்டுத் தாளையும் தூக்கி எறியாமல் சேர்த்து, பிள்ளையில்லாத தம் சொத்து முழுவதும் ஓர் அறக்கட்டளைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். அவர் இறந்து மூன்றாண்டுக்குப் பின் 1968இல் பாரிஸில் அது அமைந்தது. ஓவியங்களும் அவற்றின் உரிமைகளும் அந்தச் சொத்தில் அடக்கம். ஒரு மாவட்டத் தலைநகரில் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் வங்கிக் கிளைகளும் கட்டிய ஒருவரின் வீட்டுக்கு அப்படி ஒரு வருமானம் வராது.

வருமானம் ஏன் தேவை என்பது தாளின் தன்மையை அறிந்தால் விளங்கும். கட்டடக் கலைஞரின் அறையில் இருப்பது ஒரே வகைக் காகிதமன்று. அவற்றுள் சில ஒன்றுக்கொன்று பகை. நாம் அம்மோனியா பிரிண்ட் என்று சொல்லும் டயசோ பிரதிகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் வேதிப்பொருள்களை வெளியிட்டு, பக்கத்திலிருக்கும் நல்ல தாளையும் கறையாக்கும். ஆகவே அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். பழைய தாள்களுக்கு நல்லதென்று நாம் வாங்கும் காரம் சேர்த்த உறையில் புளூபிரிண்டை வைத்தால் அதன் நீலம் வெளிறிப்போகும். டிரேசிங் துணியில் பசை ஏற்றியிருப்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தழும்பு விழும். பழைய புகைப்பட நெகட்டிவ்கள் காடி வாடை அடிக்கத் தொடங்கினால் அவை சிதைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். சுருட்டியதை விரித்துத் தட்டையாக வைப்பதற்கு அகலமான இழுப்பறைகள் வேண்டும். மாடல்களுக்கு இடம் வேண்டும். கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் காவல் வேண்டும். மின்தடையிலும் ஈரப்பதம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் முதல் ஐந்தாண்டு பிள்ளைகள் பாசத்தால் செய்துவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகு, பதினைந்தாம் ஆண்டில், அந்த அறையைத் திறந்து பார்க்கிறவருக்குச் சம்பளம் தருவது யார்? எந்த வழியைச் சீர்தூக்கினாலும் நான் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

அயல்நாட்டு நிறுவனங்களின் வலிமை இங்கேதான் தெரிகிறது. இந்தியக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா (1930–2015) ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் கொண்ட தம் தொகுப்பை பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்துக்கு அளித்தார். 2013இல் அதை முன்வைத்து லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர்கள் இருக்கிறார்கள், பட்டியல் உண்டு, எழுதிக் கேட்டால் பதில் வரும். இங்குள்ள அலுவலக மாடியில் ஒரு பருவமழை செய்யும் சேதத்தை எண்ணிப் பார்க்கிறவர்கள் அவருடைய முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆயினும் கொரியா கட்டிய மத்தியப் பிரதேசச் சட்டமன்றம் போபாலில் நிற்கிறது. ஜவாஹர் கலா கேந்திரம் ஜெய்ப்பூரில் நிற்கிறது. அவற்றைப் பழுதுபார்க்கும் பொறியாளரும் அவற்றைப் படிக்கும் மாணவியும் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு லண்டன் என்பது விசா, விமானக் கட்டணம், தங்குமிடச் செலவு என்ற மூன்று மதில்களுக்கு அப்பால் உள்ள இடம்.

இந்த வருத்தம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரேசிலின் கட்டடக் கலைஞர் பாவுலோ மென்டெஸ் த ரோஷா 2020இல், தாம் இறப்பதற்கு ஓராண்டு முன், தம் தொகுப்பு முழுவதையும் போர்ச்சுகலின் மத்தோசின்யோஸ் நகரில் உள்ள கட்டடக்கலை இல்லத்துக்குக் கொடுத்தபோது, அவர் பாடம் நடத்திய சாவ் பாவுலோவில் பெரிய மனக்கசப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு பிரேசிலியா நகரைத் திட்டமிட்ட லூசியோ கொஸ்தாவின் தாள்களும் அங்கேயே போயின. எதிர்த்தவர்களின் வலி உண்மையானது. 2018இல் ரியோ தேசிய அருங்காட்சியகம் தீயில் அழிந்ததை அந்த நாடு பார்த்திருந்தது என்பதையும் மறந்துவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை இழந்த நமக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதியாக ஒன்றை வைத்திருப்பது எத்தகைய ஆபத்து என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் பற்றியும் ஒரு சொல். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 75 ஆண்டுக்குக் குறையாத பழமையும் வரலாற்று அல்லது அழகியல் மதிப்பும் கொண்ட ஆவணங்கள் தொல்பொருள்களாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளின் தாள்கள் இப்போது அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அயல்நாட்டு வழியை நினைக்கிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது வழிக்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானுடையது. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் மாரடைப்பால் இறந்தார். அலுவலகம் ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் கடனில் இருந்தது. கடனை அடைக்க வரைபடங்களை ஒவ்வொன்றாக விற்றிருந்தால், அகமதாபாத் மேலாண்மை நிறுவனத்தின் வளைவுகள் ஒரு செல்வந்தர் வீட்டுச் சுவரிலும் டாக்கா நாடாளுமன்றத்தின் வட்டங்கள் இன்னொருவர் வீட்டுச் சுவரிலும் தொங்கியிருக்கும். பென்சில்வேனியா மாநில அரசு தொகுப்பு முழுவதையும் விலை கொடுத்து வாங்கி, அவர் படித்த, பாடம் நடத்திய பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாக வைத்தது. உரிமை மாநிலத்துடையது, பராமரிப்பு பல்கலைக்கழகத்துடையது. இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக மதிப்பது பணத்தைவிட அந்தப் பொறுப்புப் பிரிவினையைத்தான். பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வந்து இடம் வேண்டுமென்று சொன்னாலும் தாள்களை அகற்றவோ விற்கவோ அவரால் முடியாது.

நம் ஊர்க் கல்வி நிறுவனங்களில் அந்தக் காவல் பெரும்பாலும் இல்லை. இன்னொரு ஊரில், கல்லூரி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்ட இருபது மூட்டை வரைபடங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெற்றதும் மாடிப்படிக்கு அடியில் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் தீங்கு நினைக்கவில்லை. அவை யாருடைய வேலையாகவும் இல்லை, அவ்வளவுதான். தாள்களைக் கொடுத்த குடும்பத்திடம் ஒரு நன்றிக் கடிதம் இருந்ததே தவிர, ஒப்பந்தம் இருக்கவில்லை. இத்தனையையும் சொன்ன பிறகும், உள்ளூர் வழியின் பக்கம்தான் நான் சாய்கிறேன். பேருந்தில் ஏறி ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடத்தில் இருக்கும் தாளைத்தான் மாணவர் இரண்டாம் முறையும் பார்ப்பார். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஆறரை அங்குலம் ஐந்தரையானது கண்ணில் படும்.

பிரித்துக் கொடுப்பது பற்றியும் குடும்பத்தில் பேச்சு எழுந்தது. மூன்று பிள்ளைகள், மூன்று இடங்கள் இருந்தால் மூவர் மனமும் நிறையும் என்று ஒருவர் சொன்னார். போர்ச்சுகலின் அல்வாரோ சிசா 2014இல் தம் தொகுப்பை மாண்ட்ரியல், லிஸ்பன், போர்ட்டோ ஆகிய மூன்று நகரங்களின் நிறுவனங்களுக்குப் பகிர்ந்தார். அவர் உயிரோடிருந்து, எது எங்கே போக வேண்டும் என்று தாமே முடிவு செய்ததால் அங்கே அது முடிந்தது. ஃபிராங்க் லாயிட் ரைட்டின் தொகுப்பு 2012இல் நியூயார்க்கின் இரண்டு நிறுவனங்களுக்குச் சென்றது. சுமார் 23,000 வரைபடங்களும் கடிதங்களும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்திலும், மாடல்கள் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நகரத்தில் இருப்பதால் பாதகமில்லை.

சண்டிகரின் கதை அப்படியில்லை. அந்த நகரத்தின் எழுத்துச் சான்றுகளைத் தேடுகிறவர் லெ கொர்பூசியேயின் தாள்களுக்காகப் பாரிஸுக்கும், அவருடைய உறவினரும் அந்நகரை உண்மையில் நின்று கட்டியவருமான பியேர் ஜான்னரேயின் தாள்களுக்காக மாண்ட்ரியலுக்கும், எஞ்சியவற்றுக்காகச் சண்டிகரின் காட்சியகங்களுக்கும் போக வேண்டும். 1951 முதல் 1965 வரை சண்டிகரில் வாழ்ந்த ஜான்னரேயின் அஸ்தி, அவர் விருப்பப்படி அங்குள்ள சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அவர் எழுதியதும் வரைந்ததும் கடல் கடந்து கிடக்கின்றன. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை என்பது உண்மைதான். தாள்கள் வாரிசுகளின் வழியே போகும், வாரிசுகள் வாழும் ஊரில் சேரும். முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால் இதுதான் இயல்பாக நடக்கும்.

பிரிப்பதில் இன்னொரு வகை உண்டு; பலரும் அதை யோசிக்காமலே செய்துவிடுகிறார்கள். தொழில் சார்ந்த தாள்களைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வீட்டில் வைத்துக்கொள்வது. குடும்பத்தின் கூச்சம் எனக்குப் புரிகிறது. நாங்கள் பார்த்த கடிதங்களில் பணமுடை பற்றியும், ஒரு கூட்டாளியோடு நேர்ந்த மனவருத்தம் பற்றியும் பேச்சு இருந்தது. ஆனால் மனைவிக்கு எழுதிய ஒரு கடிதத்தில்தான், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை தம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பழைய கட்டடத்தின் படியில் ஏறத் திணறுவதைக் காட்டினார் என்று எழுதியிருந்தார். வரைபடம் ஓரிடத்திலும் அந்தக் கடிதம் வேறிடத்திலும் இருந்தால் "சின்னப் பிள்ளைகள்" என்ற குறிப்பு பாதி ஊமையாகிவிடும். கடிதங்களையும் சேர்த்தே கொடுத்து, 25 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று எழுதி முத்திரையிட்டு வைப்பது காப்பகங்களில் வழக்கமான முறைதான். வங்கிப் பெட்டக அறைகளின் வரைபடங்களுக்கும் அதே முறையைக் கைக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா என்று இளைய மகன் கேட்டார். ஸ்கேன் கட்டாயம் செய்ய வேண்டும், அதன் பிரதியை வேறொரு நகரத்தில் வைக்கவும் வேண்டும். தீக்கும் வெள்ளத்துக்கும் அதுவே காப்பு. ஆனால் அடித்துத் திருத்திய பென்சில் கோட்டின் அழுத்தத்தையும், அதற்கு அடியில் ரப்பரால் அழித்த கோட்டின் தடத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் மூலத்தாளில்தான் படிக்க முடிகிறது. அத்தோடு, அவருடைய கடைசிப் பத்தாண்டு வேலை கணினியில் செய்யப்பட்டது. அந்தக் கோப்புகள் இருந்த ஃபிளாப்பிகளில் பாதிக்கு மேல் எங்களால் திறக்கவே முடியவில்லை. ஐம்பதாண்டுக்கு முந்திய டிரேசிங் தாள் நொறுங்கினாலும் படிக்க முடிந்தது.

கடைசியில் குடும்பத்தார் உள்ளூர்க் கல்வி நிறுவனத்தையே தேர்ந்தார்கள், ஆனால் நன்றிக் கடிதத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. தாள்கள் இப்போதைக்குக் கொடையன்று, பத்தாண்டு வைப்பு. பட்டியல் முடிந்து, தனி அறையும் பொறுப்பாளரும் நிலைத்தால் மட்டுமே அது கொடையாகும். இடம் மாற்றினாலும் மூடினாலும் தொகுப்பு முழுமையாகக் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். விற்கவோ பிரிக்கவோ கூடாது. தாளைக் கொடுப்பதால் பதிப்புரிமை தானாகப் போய்விடுவதில்லை. இந்தியச் சட்டப்படி அது அவர் இறந்து 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு உரியது என்பதால், படிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் பிரதி எடுக்கப் பொது அனுமதியைத் தனியே எழுதிக் கொடுத்தார்கள். அயல்நாட்டுக் காப்பகத்துக்கு ஸ்கேன் பிரதி முழுவதும் போகிறது; அவர்களும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பட்டியலிடுபவரின் முதல் மூன்றாண்டுச் சம்பளத்துக்காகக் குடும்பம் ஒரு வைப்புத்தொகை போட்டது. மனையை விற்ற பணத்தில் ஒரு பங்கு அது. அதைச் சொல்லும்போது மூத்த மகளின் குரல் தழுதழுத்தது.

ஒப்பந்தத்தில் நானாக வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னது ஒன்றே ஒன்று. ஓர் அலுவலகத்தின் வரைபடங்கள் ஒரே கையால் ஆனவையல்ல. பாவாவின் அலுவலக வரைபடங்களில் ஓவியர் லக்கி சேனநாயக்க வரைந்த மரங்களும் செடிகளும் இன்று அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. சிறிய ஊர்களில் அந்தப் பெயர்களை யாரும் குறித்து வைப்பதில்லை. எங்கள் கலைஞரிடம் 31 ஆண்டு வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் இன்னும் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் அவரை ஆட்டோவில் அழைத்துவந்து, ஒவ்வொரு தாளிலும் எது யாருடைய கை என்று சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவருக்கு மதிப்பூதியம் தர வேண்டும் என்பதே அந்த விதி. முதல் வெள்ளிக்கிழமை மாடிப்படித் தாளை அவர் முன் விரித்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கோடு ஐயாவோடது. எழுத்து என்னோடது. அவர் சொன்னார், நான் எழுதினேன்" என்றார். பட்டியலில் அந்தத் தாளுக்கு நேரே இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன.